குப்பை சேகரிப்பு மேற்பார்வைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: கிருஷ்ணகிரி அனுபவத்திலிருந்து

காலை ஐந்தரை மணிக்கு மஸ்டர், அதாவது பணியாளர்களின் வருகைப் பதிவு. ஆறு மணிக்குள் வண்டிகள் தெருவுக்குள் போயிருக்க வேண்டும். மேற்பார்வையாளராகப் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஐந்தே காலுக்கே போய்விடுங்கள் என்பதுதான். யார் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, யார் கையில் கட்டுப் போட்டிருக்கிறார், எந்த வண்டிக்குச் சார்ஜ் ஏறவில்லை, எந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் கண்ணில் படும். வேலை தொடங்கிய பிறகு யாரும் நின்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பழையபேட்டைப் பக்கம் பல வருடமாகத் தெருப் பெருக்கி, குப்பை வாங்கிய ஓர் அம்மா. வாங்கிய குப்பையைக் கொட்டிப் பிரிக்கிற ஷெட்டில் குவிந்து கிடப்பதைப் பார்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டு நிற்பேன். "இங்க வந்து நின்னு என்னா பண்றது தம்பி, வாசல்ல வந்து நில்லு" என்பார். ஷெட்டில் என்ன வருகிறதோ அது வீட்டு வாசலிலேயே முடிவாகிவிட்டது. சாம்பாரில் ஊறிய அட்டையை எந்தப் பழைய பேப்பர் கடையும் வாங்காது. கண்ணாடிச் சில்லு விழுந்த சோற்றை உரக்குழியில் போட முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி வாசலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

முதல் வாரம் நடந்து பாருங்கள்

உங்களுக்குக் கொடுத்த பீட்டை, அதாவது நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய தெருக்களை, முதல் வாரம் வண்டியோடு கூடவே நடந்து பாருங்கள். பைக்கில் போனால் தெருதான் தெரியும், வீடு தெரியாது. கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரு பக்கம். இடது கை வரிசையில் எத்தனை வீடு, வலது கை வரிசையில் எத்தனை, மாடியில் தனிக் குடித்தனம் உண்டா, கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, குப்பையைக் கொண்டுவந்து கொடுப்பது யார். அலுவலகத்து வரிப் பதிவேட்டை மட்டும் நம்பி வீட்டு எண்ணிக்கை போடாதீர்கள். பதிவேட்டில் ஒரே கட்டடமாக இருப்பதில் நான்கு குடித்தனம் இருக்கும். நான்கு அடுப்பு எரிந்தால் நான்கு பக்கெட் குப்பை.

கடைகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். டீக்கடையில் ஈரத் தூளும் பால் கவரும் வரும். சலூனில் முடி. மெக்கானிக் கடையில் ஆயில் துணி. கோழிக்கடைக்கு வேறு வண்டி, வேறு நேரம். கிளினிக்கிலிருந்து ஊசியும் பஞ்சும் நம் வண்டிக்கு வரவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி அதற்குத் தனி ஏற்பாடு அவர்களே செய்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாட்களைப் பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. காலை 6 மணி முதல் 11 மணி வரை 300 நிமிடம். வண்டி நிறைந்து, ஷெட்டுக்குப் போய்க் கொட்டித் திரும்ப அரை மணி ஆகும். இரண்டு நடைக்கு 60 நிமிடம் போனால் மிச்சம் 240. வாசலில் நின்று, கூப்பிட்டு, வாங்கி, பக்கெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்து, பிரித்துப் போட வீட்டுக்கு ஒரு நிமிடம் வேண்டும். ஆக, ஒரு வண்டிக்கு 240 வீடு. இதே ஆளுக்கு 400 வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிரித்து வாங்கச் சொன்னால் அவர் மொத்தமாக வாங்கித்தான் கொட்டுவார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. உங்கள் பீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, தாளில் எழுதி, சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். ஆள் பத்தவில்லை என்று வாயால் சொன்னால் எல்லோரும் சொல்வதுதானே என்று போய்விடும். நிமிடக் கணக்கைக் காட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போகும் வழியையும் நீங்களே போட்டுப் பாருங்கள். சையத் பாஷா மலையின் அடிவாரத்தில் இருக்கும் தெருக்கள் ஏற்ற இறக்கமாக இருக்கும். காலியான வண்டியை மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து வாங்கிக்கொண்டே இறங்கி வர வேண்டும். பாரம் ஏறின வண்டியை ஐம்பது வயதுப் பெண்மணி மேட்டில் தள்ளுவதைப் பார்த்த பிறகும் வழியை மாற்றாமல் இருக்கக் கூடாது. மாற்றுவதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

மஸ்டரில்

வருகையைப் பதிவதோடு மஸ்டர் முடிந்ததாக நினைக்க வேண்டாம். கையுறை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வாங்கி, விரித்து, விரல் நுனியைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதலில் கிழியும். மே மாத வெயிலில் ரப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும், அதனால்தான் கழற்றி எறிகிறார்கள். உள்ளே போட மெல்லிய பருத்தி உறை ஒரு ஜோடி கொடுத்துப் பாருங்கள், கழற்ற மாட்டார்கள். கம்பூட் என்கிற ரப்பர் காலணி காலுக்குச் சரியான அளவா என்பதையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் வந்து இறங்கியிருந்தால் திருப்பி அனுப்பி மாற்றச் சொல்லி எழுதுங்கள்.

டெட்டனஸ் ஊசியும் மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியும் ஒவ்வொருவரும் எப்போது போட்டார் என்று நோட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டாவது சொன்னதற்கு மூன்று தவணை: முதல் ஊசி, அதிலிருந்து ஒரு மாதம் கழித்து, அதே முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

குப்பையில் கிடக்கும் ஊசி கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. எங்களிடம் ஒரு பணியாளர், சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்து, குத்தியதை மறுநாள் சாயங்காலம்தான் சொன்னார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சொல்லப் பயப்படும்படி நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காயம்பட்ட நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் உறுதி வாங்கி, மஸ்டரில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். நாய் கடித்தாலும் இதேதான்: 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசி.

சேலம் சாலை, பெங்களூரு சாலை, ரவுண்டானா பக்கம் பெருக்கப் போகிறவர்கள் ஒளிரும் சட்டை போடாமல் இறங்கக் கூடாது. வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி பெருக்க வேண்டும், முதுகைக் காட்டி வேண்டாம். பனி மூடும் மார்கழியில் அந்தப் பகுதியை ஏழு மணிக்கு மேல் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ யாரையும் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. "அஞ்சு நிமிஷ வேலைதான், நம்ம ஆளை இறக்கிவிடுங்க" என்று வீட்டுக்காரரோ கடைக்காரரோ கேட்பார்கள், நல்ல பணமும் தருவதாகச் சொல்வார்கள். உங்கள் ஆட்கள் ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டாலும் நீங்கள் தடுக்க வேண்டும். உள்ளே தேங்கியிருக்கும் விஷக் காற்றில் இறங்கினவர் மயங்கி விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. காப்பாற்ற இறங்கினவரும் திரும்பி வருவதில்லை.

வாசலில்

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் வரும் ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அலுவலகப் பலகையில் விதியின் சொற்களிலேயே எழுதலாம். வாசலில் அப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். "அடுப்படிக் குப்பை இந்த பக்கெட்ல, கவர் பாட்டில் பேப்பர் இந்தப் பையில, பேம்பர்ஸ் நாப்கின் தனியாப் பேப்பர்ல சுத்தி" என்று சொல்லிப் பாருங்கள். அடுப்படி என்ற சொல்லைக் கேட்டதும் எதை எங்கே போடுவது என்று யாருக்கும் விளங்கிவிடும்.

நம் ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரே தெருவில் தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு, உருது பேசுகிற வீடு எல்லாம் இருக்கும். ஓசூர் பக்கம் போனால் இன்னும் அதிகம். தெலுங்கு வீட்டில் தடி செத்த, பொடி செத்த என்றால் ஈரக் குப்பை, காய்ந்த குப்பை. கன்னட வீட்டில் ஹசி கச, ஒண கச. நாமும் குப்பை செத்தை என்று சேர்த்துச் சொல்கிறவர்கள்தானே, அந்தச் செத்த ஒன்றும் வேற்று ஆள் இல்லை. இந்த நான்கு சொல்லைப் பணியாளர்கள் சொல்லப் பழகினாலே பாட்டிமார் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். உருது வீடுகளுக்கு அந்தத் தெருப் பிள்ளைகளிடமே கேட்டு இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள்.

பிரிக்காமல் கொடுத்தால் என்ன செய்வது? முதல் வாரம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டி வாங்குங்கள். தன் வீட்டு எச்சில் சோற்றிலிருந்து இன்னொருவர் பால் கவரை விரலால் எடுப்பதைப் பார்க்கும்போது பெரும்பாலானவர்களுக்கு மனசு கேட்காது. இரண்டாவது வாரம் ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள்: பால் கவரை மட்டும் கழுவித் தனியாகக் கொடுங்கள் என்று. அது பழகிய பிறகு அடுத்தது. மூன்றாவது வாரமும் கலந்தே வந்தால் அந்த வீட்டுக்கு நீங்கள் போங்கள், பணியாளரைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள். அவரைத்தான் அந்த வீட்டார் தினமும் பார்க்கப் போகிறார்கள். அந்த உறவு கெட்டுவிடக் கூடாது.

எது எப்படிப் போனாலும், மக்கள் பிரித்துக் கொடுத்ததை நாம் வண்டியில் கலக்கவே கூடாது. இதில் நான் பண்ணிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். பழையபேட்டையில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் நான்கு மாதமாக இரண்டு பக்கெட் வைத்து அவ்வளவு சுத்தமாகக் கொடுத்து வந்தார். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, கொத்தாகக் கட்டிக் கொடுப்பார். ஒரு நாள் எங்கள் வண்டி பழுதாகி மாற்று வண்டி வந்தது. நடுவில் தடுப்பு இல்லாத வண்டி. ஒரு நாள்தானே என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவின் இரண்டு பக்கெட்டையும் அவர் வாசலில் நின்று பார்க்கப் பார்க்க ஒரே இடத்தில் கொட்டினார்கள். மறுநாள் ஒரே பக்கெட் வந்தது. நான் போய்க் கேட்டேன். கோபமே இல்லாமல், "நீங்களே ஒண்ணாத்தானே கொட்டுறீங்க தம்பி" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் பிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது.

தடுப்பில்லாத வண்டிதான் கிடைத்தது என்றால் அன்றைக்கு அடுப்படிக் குப்பையை மட்டும் எடுங்கள். "காய்ஞ்சதை நாளைக்குக் கொடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லச் சொல்லுங்கள். காய்ந்த குப்பை ஒரு நாள் இருந்தால் நாறாது. இரண்டு பெரிய சாக்கை வண்டியின் பக்கவாட்டில் கட்டிவிட்டாலும் போதும்.

எது எதில் சேரும்

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற பொருள்கள் சில உண்டு. கொட்டாங்குச்சி மக்கும், ஆனால் வருடக்கணக்கில் ஆகும். தனிச் சாக்கில் போட்டால் அடுப்புக்கோ கரிக்கோ வாங்கிப் போவார்கள். சிப்ஸ், பிஸ்கட் கவரின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னினால் அது பல அடுக்குப் பிளாஸ்டிக். பழைய இரும்புக் கடையில் எடுக்க மாட்டார்கள். அதைச் சுத்தமாகக் காயவைத்துக் கட்டி வைத்தால் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். ஈரமாக இருந்தால் அவர்களும் வாங்க மாட்டார்கள். தேநீர்க் காகிதக் கப் பார்க்கக் காகிதம்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். உரக்குழியில் போட்டால் பூச்சு மட்டும் தோல் மாதிரி மிஞ்சும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் ஒன்று, தண்ணீர் பாக்கெட்டும் ஒன்று. கடைக்குக் கடை நீங்களே அபராதம் போட முடியாது. எந்தக் கடையிலிருந்து தொடர்ந்து வருகிறது என்று குறித்து ஆய்வாளருக்குக் கொடுங்கள்.

பால் கவரின் மூலையை முழுவதும் வெட்டி எறிந்துவிடாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். அந்தத் துணுக்கு நகத்தின் அளவுதான் இருக்கும், யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குப் போய்விடும். உடைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கொடுக்கும்போது வாயால் சொல்ல வேண்டும். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் நிறுத்தியே கொண்டுவர வேண்டும். செல்போன் பேட்டரியைத் தனி டப்பாவில் போடுங்கள். அமுக்கினால், குத்தினால் தீப்பிடிக்கும். பேட்டரி நசுங்கித்தான் காய்ந்த குப்பை ஏற்றிய வண்டிகளில் பல நேரம் புகை கிளம்புகிறது. நாப்கினும் பேம்பர்ஸும் தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் பிரிக்கிறவர் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்காது. இந்த ஒரு சிவப்புப் புள்ளிக்காக நான் எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் நின்று பேசுவேன்.

பாட்டில்களில், டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. ஸ்டிக்கர் கிழியாமல், உடையாமல் வைத்தால்தான் பணம். அந்தப் பணம் பொறுக்கி எடுத்தவருக்கே போக வேண்டும்.

ஷெட்டில்

ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலை எடை போடுவது. பிரிப்பதற்கு முன் ஒரு தடவை, பிரித்துக் கட்டிய பிறகு ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் குறைகிற எடைதான் உதவாத குப்பை. எந்தத் தெருவின் வண்டியில் அது அதிகமோ அந்தத் தெருவுக்கு மறுநாள் நீங்கள் போக வேண்டும்.

பிரிப்பதைப் பெண்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அவர்கள் கை வேகத்தை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கவரைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டார்கள். கசக்கினதும் சத்தம் கேட்டே போடுவார்கள். மொறமொறவென்று சத்தம் வந்தால் ஒரு சாக்கு, சத்தமில்லாமல் மெத்தென்று இழுபட்டால் இன்னொரு சாக்கு. துணி சுற்றுகிற மொறமொறப்புக் கவரும் பால் கவரும் வேறு வேறு பிளாஸ்டிக், கலந்தால் விலை இறங்கிவிடும். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் துண்டு வெட்டிப் போடுங்கள். தண்ணீர் பாட்டிலின் உடம்பு மூழ்கும், அதே பாட்டிலின் மூடி மிதக்கும். குடம், பக்கெட், பால் கவர் மிதக்கும். பி.வி.சி. குழாய் மூழ்கும். இதைக் கொளுத்தி முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. உங்கள் ஷெட்டில் அனுமதிக்காதீர்கள். பி.வி.சி. எரியும் புகை நுரையீரலை அரிக்கும், டையாக்சின் என்ற விஷமும் அதில் உண்டு.

பாட்டிலின் மூடியைக் கழற்றிய பிறகே அழுத்திக் கட்டு போடுங்கள். மூடி இருந்தால் காற்று வெளியேறாமல் கட்டு உப்பி நிற்கும். அட்டை ஒரு மழைக்கு நனைந்தால் போச்சு. தரையில் வைக்காமல் நான்கு செங்கல்லின் மேல் பலகை போட்டு அடுக்குங்கள்.

விற்கும்போது இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேளுங்கள். எடை போடும்போது பிரிக்கிற பெண்களில் ஒருவரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு சாக்கும் வெளியே போகக் கூடாது. விற்ற பணத்தைப் பணியாளர்களுக்கே பிரித்துக் கொடுக்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் அப்படி என்றால், தொகையையும் எத்தனை பேருக்குப் பிரித்தது என்பதையும் சுண்ணாம்புக் கட்டியால் ஷெட் சுவரில் எழுதிவிடுங்கள். இந்த விஷயத்தில் ஒரு முறை சந்தேகம் விழுந்தால் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய பொருள் பொறுக்கி விற்கிறவர்களை விரட்டாதீர்கள். நமக்கு முன்னாலிருந்தே இந்தத் தெருக்களில் அவர்கள் சாக்கோடு நடக்கிறார்கள். அவர்களை அடையாளம் கண்டு சேகரிப்பு வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. பெயர் எழுதி, அடையாள அட்டைக்கு அலுவலகத்தில் கேளுங்கள். அது வரும் வரைக்கும் ஷெட்டில் குடிக்கத் தண்ணீரும் உட்கார நிழலும் கொடுங்கள்.

மாம்பழக் காலம்

இந்த மாவட்டத்துக்கு வேலை பார்க்க வருகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியது இது. சித்திரை பிறந்தால் எங்கள் மக்கும் குப்பையின் குணமே மாறிவிடும். வீட்டுக்கு வீடு மாந்தோல், மாங்கொட்டை. ஜூஸ் கடைகளிலிருந்து சாக்குச் சாக்காக வரும். மாங்கூழ் ஆலைகளின் கழிவு அந்தந்த ஆலையின் பொறுப்பு, அதை நம் வண்டியில் ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து வருவதே நமக்கு ஏராளம்.

வழக்கமாக உரக்குழி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஈரம் கசிந்து, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழுந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும்.

மாந்தோல் வந்து விழுந்ததும் இந்தக் கணக்கு எல்லாம் தலைகீழாகும். தோலில் இனிப்பும் தண்ணீரும் அதிகம், அதனால் சீக்கிரம் புளித்துவிடும். காற்றுப் போக இடமில்லாமல் களியாகி, கள் மாதிரி வாடை அடித்து, ஈ மொய்க்க ஆரம்பிக்கும். நான்கு வீடு தள்ளி இருப்பவர்கள் மனு எழுதிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். எங்களுக்கு உதவினது காய்ந்த இலை. பங்குனியில் வேம்பும் புங்கனும் உதிர்க்கிற சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி ஷெட்டில் அடுக்கி வையுங்கள். நாங்கள் ஒரு கூடை மாந்தோலுக்கு இரண்டு கூடை சருகு என்று அடுக்கடுக்காகப் போடுவோம். தென்னை நார்க்கழிவு கிடைத்தால் அதுவும் நல்லது. மேலே ஒரு கூடை பழைய உரத்தைத் தூவி மூடினால் ஈ வராது. வாரத்துக்கு ஒரு முறை கிளறுவதை மாம்பழக் காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை ஆக்குங்கள்.

மாங்கொட்டையை உரக்குழியில் போடாதீர்கள். மற்றதெல்லாம் 45 நாள் வாக்கில் மண்ணாகிவிடும், கொட்டை அப்படியே நிற்கும். ஈரம் பட்டு முளைத்தும் வரும். முதல் வருடம் எங்கள் குழியில் சலிக்கப் போனபோது சல்லடைக்கு மேல் கொட்டை மட்டுமே ஒரு மூட்டை. 4 மில்லிமீட்டர் சல்லடையே கிழிந்துபோனது. இப்போது வாசலிலேயே கேட்கிறோம்: கொட்டையை மொட்டை மாடியில் காயவைத்து வாரத்துக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று. நன்றாகக் காய்ந்த கொட்டை விறகாகப் போகிறது. நாற்றங்கால் வைத்திருக்கிறவர்கள் புதுக் கொட்டையை ஒட்டுச் செடிக்காக வந்து வாங்கிப் போகிறார்கள்.

சருகைக் கொளுத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு நடை மிச்சமாகுமே என்று தெருவோரத்தில் தீ வைக்கும் பழக்கம் பணியாளர்களிடமும் உண்டு. விதிப்படி தப்பு என்பதோடு, மாம்பழக் காலத்துக்கு வேண்டிய மருந்தையே எரிக்கிறோம் என்று எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

சந்தையும் திருவிழாவும்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி பெரிய சந்தை உங்கள் பகுதியில் இருந்தால், சந்தை முடிந்த பிறகு பெருக்குவதைவிட நடக்கும்போதே காய்கறிக்காரர்களுக்கு ஆளுக்கொரு சாக்கு கொடுத்து வாங்கிவிடுவது சுலபம். மிதிபட்ட தக்காளியை மண்ணிலிருந்து பிரிக்க முடியாது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழுந்த வாரங்களில் இரண்டு மடங்கு சாக்கு வைத்திருங்கள்.

ஆயுத பூஜை மறுநாள் உடைத்த பூசணியும் வாழைக்கன்றும். பூசணியில் சொருகிய காசையும் குங்குமப் பொட்டலத்தையும் எடுத்துவிட்டு உரத்துக்கு அனுப்பலாம். நடுரோட்டில் உடைத்ததை இருட்டோடு அள்ளிவிடுங்கள், இரு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவார்கள். போகிக்கு முந்தின வாரம் பழைய துணி, பாய், டயரைத் தனியாக வாங்க ஒரு வண்டி விட்டால் கொளுத்துவது பாதி குறையும். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற விசேஷம் என்றால் மூன்று வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது; மண்டபக்காரர்களையும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் வாழை இலைக்குத் தனி, கப் பாட்டிலுக்குத் தனி என்று தொட்டி வைக்க முடியும்.

சாயங்காலம் நோட்டில்

வீட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம் நோட்டோடு உட்காருங்கள். வந்த எடை, விற்ற எடை, வராத ஆள், பழுதான வண்டி எல்லாம் அலுவலகப் பதிவேட்டிலும் இருக்கும். உங்கள் நோட்டில் அதற்கு மேல் ஒன்று வேண்டும். இன்றைக்குத் திறக்காத கதவுகள். வண்டிக்காரரிடம் கேட்டு வீட்டு எண்ணை எழுதுங்கள். ஒரு நாள் என்றால் ஊருக்குப் போயிருப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து திறக்கவில்லை, ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்றால், அந்தக் குப்பை பக்கத்துக் காலி மனைக்கோ ஏரிக்கரைக்கோ போய்க்கொண்டிருக்கிறது. வண்டி வரும் நேரம் அவர்களுக்கு ஒத்துவராமல் இருக்கலாம், இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களாக இருக்கலாம், முன்பு யாரோ முகத்தைச் சுளித்திருக்கலாம். நான்காம் நாள் வண்டியோடு நீங்களே போய், அந்த வாசலில் நின்று, எத்தனை மணிக்கு வந்தால் வசதிப்படும் என்று கேளுங்கள்.